குரல் போன மயில்

"பெட்டி வெளியே பார்க்க அதேதான். உள்ளே இருக்கிற சில்லை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?"

மோர்ப்பந்தலுக்குப் பின்னாலிருந்து இது அம்பலக்கூத்தன் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தான். போட்டி அதிகாரி திருமேனி தன் மைத்துனனிடம் பேசிக்கொண்டிருந்தார். கூத்தனுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அரசவை விகடகவியான அவனுக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அரசர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வேங்கைபுரி அரசர் இடும்பவர்மருக்குப் பழைய கணினிகள் என்றால் உயிர். மற்ற அரசர்கள் மல்யுத்தம் நடத்துவார்கள். இவர் டெமோ போட்டி நடத்துவார். பழைய கணினியின் துளியூண்டு நினைவகத்துக்குள் படத்தையும் பாட்டையும் அடக்கி ஆடவிடும் நிரலுக்குத்தான் டெமோ என்று பெயர். எந்தக் கணினிக்கு எழுதினார்களோ அந்தப் பிரிவில்தான் சேர வேண்டும். அரண்மனை வைக்கிற பெட்டியில் அது குறையில்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் பிரிவைப் பொய்யாகச் சொன்னதாக அர்த்தம். எழுதியவர் ஆயுளுக்கும் போட்டிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மயில் என்ற பழைய கணினிக்கான பிரிவில் அன்று இரண்டே பேர். ஒருவன் அந்த மைத்துனன். இன்னொருத்தி முகில்வாணி, சாயப்பட்டறைத் தெருக்காரி. அவளுடைய டெமோவில் ஒரு பெண் பாடுவாள். மயில் கணினிக்கோ 'பீப்' என்று கத்த மட்டும்தான் தெரியும். ஆனால் முதன்முதலில் செய்து விற்ற 'முதல் வரிசை' மயிலின் ஒலிச் சில்லில் ஒரு குறை இருந்தது. சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு சொடுக்கு கேட்கும். அந்தச் சொடுக்குகளை நெருக்கி அடுக்கியே முகில்வாணி ஒரு குரலை உண்டாக்கியிருந்தாள். இரண்டாம் வரிசை மயிலில் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். இது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ட மயில் வீட்டில் இருந்த ஒன்றுதான். திருமேனிக்கு எல்லாம் தெரியும்.

டெமோ ஓடியது. திரையில் பாடகி வந்தாள், வாயைத் திறந்தாள், தலையை ஆட்டினாள். சத்தம் வரவில்லை.

"வீட்டில் பாடியது, அரசே" என்றாள் முகில்வாணி.

"எல்லார் பாட்டும் வீட்டில் நன்றாகத்தான் இருக்கும்" என்றார் திருமேனி.

சபை சிரித்தது. அரசர் தடை ஓலையில் வைக்க முத்திரையைக் கையில் எடுத்தார். மோர்ப்பந்தல் பேச்சு கூத்தனுக்கு இப்போது புரிந்தது. நேராகச் சொன்னால் எடுபடாது என்பதும் தெரிந்தது.

"அதிகாரி, இது பழைய மயில்தானா?" என்று கேட்டான்.

"அதைவிட நல்லது. பழையதில் இருந்த குறையைத் திருத்திய பெட்டி. திருத்தினால் மயில் மயில் இல்லாமல் போய்விடுமா?"

"நியாயம்தானே" என்றார் அரசர். "திருத்துவது எப்போதும் நல்லது."

"அப்படியானால் ஒரு விண்ணப்பம், அரசே. தங்கள் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதையும் இப்போதே திருத்திவிடலாமே. பல் வைத்தியர் முன்வரிசையில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்."

அரசரின் முகம் சிவந்தது. ஆனால் சொன்ன சொல் இன்னும் சபையில் ஆறவில்லை. வைத்தியரை எழுப்பினார்கள். அவர் வெள்ளை மெழுகைப் பிசைந்து சந்தை அடைத்தார்.

"பத்து வயது குறைந்துவிட்டது" என்று முந்திக்கொண்டார் திருமேனி.

"ஆனால் அதே அரசர்தானே?" என்று கேட்டான் கூத்தன்.

"இதென்ன கேள்வி? அதே அரசர்தான். முன்னைவிட ஒரு படி மேல்."

"நல்லது. அரசே, யானைக்கு வெல்லம் கொடுக்கும் வேளை வந்துவிட்டது."

பட்டத்து யானை முற்றத்தில் நின்றது. அரசர் பல் சந்து வழியே அடிக்கும் சீட்டி ஒன்றுக்குத்தான் அது நகரும். அரசர் ஊதினார். 'ஃபூ' என்று காற்றுதான் வந்தது. கன்னம் உப்ப மறுபடி ஊதினார். யானை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தென்னை மட்டையைத் தின்னப் போய்விட்டது.

"தீர்ப்பு எழுதுங்கள், அதிகாரி" என்றான் கூத்தன். "கிரீடம் அதே, சிம்மாசனம் அதே, சீட்டி மட்டும் வரவில்லை. சீட்டியடிக்கத் தெரியும் என்று அரசர் இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறார். ஆயுளுக்கும் யானைப் பக்கம் வரக் கூடாது."

"அரசே, பல் வேறு, பெட்டி வேறு..." என்று இழுத்தார் திருமேனி.

"வேறுதான். பல்லை அடைத்தது மெழுகு என்று எல்லாருக்கும் தெரியும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்போமா?" என்றான் கூத்தன்.

திறந்தார்கள். சில்லின் முதுகில் 'இரண்டாம் வரிசை' என்று பொறித்திருந்தது. அரசர் அதைப் பார்த்தார், திருமேனியைப் பார்த்தார், பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

கிடங்கிலிருந்து முதல் வரிசை மயில் ஒன்று தூசியோடு வந்தது. அதில் டெமோ ஓடியது. பாடகி வாயைத் திறந்தாள். மணலைக் கொட்டியதுபோல் ஒரு கரகரப்பு, அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல். அரசர் தடை ஓலையைக் கிழித்தார்.

"இனி இரண்டு மயிலுக்கும் இரண்டு பிரிவு. பாடிய பெட்டி முகில்வாணிக்கு. கூத்தனுக்கு என் மோதிரம்."

"எனக்கு என்ன உத்தரவு, அரசே?" என்றார் திருமேனி, தரையைப் பார்த்தபடி.

"உமக்கு ஒரு குறையும் இல்லாத பல்வரிசை. நீர் போய் யானையைச் சீட்டியடித்துக் கூப்பிடும். அது வருகிற அன்றைக்குப் போட்டி அதிகாரி வேலைக்குத் திரும்பி வரலாம்."

திருமேனி தலைப்பாகையைக் கழற்றிப் படியில் வைத்தார். முற்றத்தில் இறங்கி, யானையின் எதிரே போய் நின்று, உதட்டைக் குவித்து ஊதினார்.