மிளகளவு பச்சை

தூத்துக்குடியில் மாடல் விமானம் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் பொன்னுத்துரை. உலகப்போர்க் காலத்து ஜப்பான் சண்டை விமானத்துக்கு எது சரியான பச்சை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பார். ஹால் நடுவே மேசைமேல் நிற்கும் அவருடைய விமானத்தின் பச்சைதான் பச்சை. மற்றதெல்லாம் தப்பு.

புதிதாகச் சேர்ந்த எமல்டாவுக்கு மேசை துடைக்கும் வேலை. அவள் செய்த விமானத்தைப் பச்சை சரியில்லை என்று தலைவர் இரண்டு தடவை ஒதுக்கிவிட்டார்.

"இன்னொரு தடவை பச்சை தப்பினா நீ சங்கத்துக்கே வர வேண்டாம். அந்தக் காலத்து ஜப்பான் பெயின்ட் உரிஞ்சு கொட்டும். அதையும் காட்டணும்."

கண்காட்சியன்று எமல்டா கொண்டுவந்த விமானம் மூக்கிலிருந்து வால்வரை வெறும் அலுமினிய நிறத்தில் பளபளத்தது.

"ஏம்மா, பச்சை எங்கே?"

"உரிஞ்சு கொட்டிருச்சு சார். நீங்கதானே சொன்னீங்க? வால் பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கு, பாருங்க."

கூட்டம் சிரித்தது. தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்து, மிளகளவு இருந்த அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் தப்பு! கண்ணு தெரியாதவன் கலக்கின பச்சை இது."

"மெதுவாச் சொல்லுங்க சார். காலையில மேசை துடைக்கும்போது உங்க விமானத்திலேர்ந்து உதிர்ந்து கிடந்துச்சு. எடுத்து ஒட்டிக்கிட்டேன்."

எல்லோரும் நடுமேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவருடைய விமானத்தின் இடது இறக்கையில் மிளகளவு பெயின்ட் உதிர்ந்து ஒரு சொட்டை.

அதற்குப் பிறகு மேசை துடைக்கும் வேலையைத் தலைவரே பார்த்துக்கொண்டார்.