உட்கார இடமில்லாத கல்யாணம்

அழகுமலை மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. நாற்காலிகள் அத்தனையும் காலியாகக் கிடந்தன.

எப்படி என்று அவசரப்பட வேண்டாம். சொல்கிறேன்.

அழகுமலை மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் மரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவது அவர் தொழில். பழைய பாட்டு மட்டும்தான். புதுப்பாட்டு கேட்டு வருகிறவனிடம், "அது பாட்டு இல்லப்பா, மிக்ஸி ஓடுற சத்தம். உங்க வீட்லயே இருக்கும், போட்டுக் கேளு" என்பார்.

அவர் மனைவி சொர்ணம். முன்னறையில் அவர் செட்டைச் சோதித்துப் பார்க்கும்போது, அவள் அடுப்படியில் நின்றபடி மெட்டியால் தரையைத் தட்டித் தாளம் போடுவாள். எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் விழும்.

"உனக்குத் தாளம் அடுத்த பஸ்ஸுலதான் வரும்" என்பார் அழகுமலை.

"வருதுல்ல, விடுங்க" என்பாள்.

மகள் சுகன்யா மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது சொர்ணம் இறந்துபோனாள். அழகுமலையிடம் இருந்த பாட்டுகளில் ஆகக் கடைசியானது அந்த வருஷம் வந்தது. இதை அவர் கவனித்ததில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

ஊருக்கு வெளியே சாம்பக்கரடு என்கிற சின்னப் பாறைக்குன்றில் ஒரு சாமியார் இருந்தார். கரட்டுச்சாமி என்பார்கள். அழகுமலை அவருக்குச் சீடர். சீடரைவிடக் குருவுக்கு வயது குறைவு. ஆரம்பத்தில் அழகுமலைக்கு அது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் கரடு ஏறிப் போய்க் கேட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தக் காலத்துப் பாட்டு தேஞ்சு போச்சா, இல்ல வெறுமனே மாறித்தான் போச்சா? ஊர்ல ரெண்டு விதமாவும் பேசுறாங்க. எனக்குத் தேஞ்சுட்டதாத்தான் படுது."

சாமி எழுந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்களை எடுத்து வந்தார். ஒன்றை விரித்தார். இன்னொன்றை விரித்தார். பாறை முழுக்கப் பாயாகிவிட்டது.

"இதெல்லாம் யாருக்கு சாமி?"

"உன்கூட வந்தவங்களுக்கு."

அழகுமலை திரும்பிப் பார்த்தார். படியில் வெயில்தான் இருந்தது.

"நான் தனியாத்தானே வந்தேன்?"

"நீ எங்கய்யா தனியா வர்ற" என்றார் சாமி. "சரி, கிளம்பு. இத்தனை பேருக்குத் தண்ணி குடுக்க எங்கிட்டச் செம்பு இல்ல."

சாமி விளையாடுகிறார் என்று நினைத்துச் செருப்பை மாட்டினார் அழகுமலை. கரட்டில் காற்று பலமாக அடித்தது. புல் ஆடியது. சாமியின் துண்டு பறந்துபோய் முள்ளில் சிக்கியது. விரித்த பாய்களில் ஒன்றுகூட ஓரம் தூக்கவில்லை.

அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

கல்யாணம் வீட்டு வாசலிலேயே. தெருவை அடைத்துப் பந்தல். விடிந்ததும் குழாயை வேப்பமரத்தில் கட்டி, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பாட்டுகளாகப் போட ஆரம்பித்தார். மகள் கல்யாணம். குறை வைக்கக்கூடாது.

முதலில் வந்தது சொர்ணத்தின் தம்பி பெருமாள். முன்வரிசையில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு வேட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"ஏன் மாப்ள எந்திரிச்சிட்ட?"

"சும்மாத்தான் மச்சான். வெயில் நல்லாருக்கு" என்று போய் வெயிலில் நின்றார்.

அடுத்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். கால் வலிக்கவில்லை என்றார் ஒருவர். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தோம் என்றார் ஒருவர். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரோரமாக நின்றார்கள். மேளக்காரர்களும் நின்றார்கள். தவில்காரர் தவிலைத் தோளில் மாட்டியபடி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார்.

எல்லாரும் பாட்டை நின்று ரசிக்கிறார்கள் என்று நினைத்து, அழகுமலை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பந்தலில் ஒரு வாசம் இருந்தது. பீரோவில் பல வருஷம் மடித்துக் கிடந்த பட்டுச்சேலையின் வாசம். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் விரிந்திருந்தன. கனத்த ஆள் உட்கார்ந்தால் விரியுமே, அப்படி. ஒவ்வொன்றும் காலி.

ஐயர் மாப்பிள்ளையை அழைத்தார். கோகுல் என்று பெயர். மணையில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். அவன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மறுகணம் துள்ளி எழுந்தான், தெரியாமல் யார் மடியிலோ உட்கார்ந்துவிட்டவன் போல. "மன்னிச்சுக்கங்க" என்றான், பலகையைப் பார்த்து.

அவனுடைய பெரியப்பா முன்னால் வந்தார்.

"என்ன சம்பந்தி இது? வந்தவங்களை நிக்க வச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப மாப்பிள்ளையுமா நிக்கணும்? முகூர்த்தம் தாண்டுச்சுன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவோம். அப்புறம் நீங்க குழாயைக் கட்டிக்கிட்டுப் பாட்டுக் கேளுங்க."

அழகுமலை மணையருகே ஓடினார். மகள் மெல்லச் சொன்னாள்.

"அப்பா, என் பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரும்மா? யாருமில்லையே."

"இந்தக் கை மட்டும் குளிருது. தொட்டுப் பாருங்க."

தொட்டார். கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த செம்பு போல இருந்தது.

பந்தல்காலில் கட்டிய வாழைமரத்தின் அருகே கரட்டுச்சாமி நின்றிருந்தார். அழகுமலை அவரிடம் போனார்.

"சாமி, ஏதாவது பண்ணுங்க."

"நான் என்ன பண்ண? எனக்கே உக்கார இடமில்ல."

"யாரு சாமி இவங்கள்லாம்?"

"நீ கூப்பிட்டவங்க."

"நான் பத்திரிகை வச்சவங்க எல்லாம் சுவரோரம் நிக்கிறாங்க. இவங்களை நான் கூப்பிடல."

சாமி வேப்பமரத்துக் குழாயைப் பார்த்தார். "விடிஞ்சதுலருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கியே. அவங்க கேட்ட பாட்டு, அவங்க ஆடுன பாட்டு, அவங்க அழுத பாட்டு. போட்டா வரமாட்டாங்களா?"

அழகுமலை ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. தெருவில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசை மெல்லத் திரும்பியது. பிறகு அதற்குப் பின்வரிசை. எல்லாம் வேப்பமரத்தைப் பார்க்கத் திரும்பி நின்றன.

சுவரோரம் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"நிறுத்துனா போயிருவாங்களா?" என்றார் சாமி. "அடுத்த பாட்டுக்குக் காத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத பாட்டு ஒண்ணு போடு."

"எங்கிட்ட இல்லையே சாமி."

"அதுதான் தெரியுமே."

மணையிலிருந்து சுகன்யா சொன்னாள். "எங்கிட்ட இருக்குப்பா. போன்ல."

"அதெல்லாம் பாட்டு இல்லம்மா." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மகள் அவரைப் பார்த்தாள்.

"எனக்குக் கல்யாணம் நடக்கணுமா, வேணாமாப்பா?"

அழகுமலை செட்டை விட்டு ஓரமாக விலகினார்.

கோகுல்தான் அவளுடைய போனை வாங்கிக்கொண்டு செட்டருகே போனான். "இதுல புளூடூத் எங்க மாமா?"

"தெரியல மாப்ள. நான் தொட்டதில்ல."

தேடிப் பிடித்தான். அந்தப் பொத்தான் மேல் கடையில் ஒட்டிய மெல்லிய தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. உரித்தான்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு பெண் குரல். பாடுகிறாளா பேசுகிறாளா என்று சொல்ல முடியாது. யாரிடமோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. தாளமும் நினைத்த இடத்தில் விழவில்லை, ஒரு கணம் தள்ளி விழுந்தது. இருட்டில் கடைசிப் படி இருக்கிறதென்று காலை வைத்து ஏமாந்தவன் போலானார் அழகுமலை.

முன்வரிசையில் 'டொக்' என்று ஒரு சத்தம். விரிந்திருந்த நாற்காலியின் கால்கள் சேர்ந்து நின்றன. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. அந்தப் பழைய பட்டு வாசம் சுவரோரம் நின்றவர்களை உரசிக்கொண்டு தெருவுக்குப் போனது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. வெகுநேரம் அது ஓரமாகவே நின்றது. அத்தனை பேர்.

பிறகு வந்து பழைய இடத்தில் சுருண்டு படுத்தது.

பெருமாள் பயந்து பயந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எழவில்லை. தவில்காரர் உட்கார்ந்தார். பெரியப்பா உட்கார்ந்தார். மணையருகே கோகுல் மட்டும் நின்றான்.

"இவங்க போகல" என்றாள் சுகன்யா. "கை இன்னும் குளிருது."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

டக்.

பலகையில் உலோகம் தட்டும் சத்தம். டக். டக். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். சுகன்யா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் மெட்டி போட்டிருக்கவில்லை.

அழகுமலை வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் அவருக்குத் தெரியும். பிந்தித்தான் விழும் என்று காத்திருந்தார்.

பிந்தவில்லை. அந்தப் பாட்டில் அடி எங்கே விழுந்ததோ, சரியாக அங்கேயே விழுந்தது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் பலகை லேசாக முனகியது, உட்கார்ந்தவர் கையூன்றி எழுவதுபோல.

"கை சூடாயிருச்சுப்பா" என்றாள் மகள்.

கோகுல் உட்கார்ந்தான். கெட்டிமேளம் கொட்டியது. முகூர்த்தத்துக்குள்ளேயே தாலி ஏறியது.

கடைசிப் பந்தியில் சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழகுமலையே ரச வாளியோடு வந்தார். ஊற்றிவிட்டு நகராமல் நின்றார்.

"என்னய்யா?"

"அன்னிக்குக் கேட்டேனே சாமி. தேஞ்சு போச்சா, மாறிப் போச்சான்னு. நீங்க சொல்லல."

"இன்னும் அதுலயே இருக்கியா? அப்பளம் இருக்கா?"

"வருது சாமி. புதுப்பாட்டு அவங்களை விரட்டிருச்சு. அது மட்டும் கண்ணால பாத்தேன்."

"விரட்டுனா எல்லாரும் போயிருக்கணும். மணையில உக்காந்திருந்தது?"

அழகுமலை வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அப்ப யாரு சாமி சரி பண்ணுனது? என் மகளா? மாப்பிள்ளையா? நீங்க வந்து நின்னதாலயா?"

"நான் சாப்பிட வந்தவன்." சாமி இலையை மடித்தார். "உன் மக பாட்டுக் குடுத்தா. உன் மருமகன் தாளை உரிச்சான். நல்ல பிள்ளைங்க. ஆனா பாட்டை முழுசாக் கேட்டுட்டு எந்திரிச்சு இடம் விட்டது யாரு? அதைச் சொல்லு."

அழகுமலை வாளியைக் கீழே வைத்தார்.

"சொர்ணம்" என்றார்.