மூன்றாவது நிலை

கதை இலக்கணம் சூசை மிக்கேலைப் பிடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. தூத்துக்குடியில் பாதிப் பேர் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர். மெஹர்நிஷா டீச்சர் அவரைவிடச் சின்னவர். கல்லூரி வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கடை மாடியில், பாட்டு வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வகுப்பு நடத்திவந்தார்.

முதல் வகுப்பிலேயே டீச்சர் ஒன்று சொன்னார். கதை என்பது பெரும்பாலும் ஒரு சமநிலையில் தொடங்கும். ஏதோ வந்து அதைக் குலைக்கும். கடைசியில் இன்னொரு சமநிலையில் போய் நிற்கும்.

மிக்கேல் அதை அப்படியே விழுங்கிவிட்டார். பல்வலி, பஸ் பயணம், சம்பந்தி வீட்டு மனஸ்தாபம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூன்று நிலையாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் பிரிந்தது. கல்யாண வீடியோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை வருஷமும் தெரியாமலே சரியாக எடுத்திருக்கிறேனே என்று அடுத்த ஞாயிறு டீச்சரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். டீச்சர் சிரித்தார்.

அந்தச் சூட்டோடு அவர் தன் தங்கை ஜெசிந்தாவின் பாட்டை எடுத்தார்.

ஜெசிந்தா மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவள் கணவன் லியோன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலைக்குப் போனவன். ஒரு பயணத்தில் தோணி போய்ச் சேரவில்லை. பலகைகள் சில ஒதுங்கின. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது முடித்து, இறந்தவர்களுக்கான பூசையும் வைத்துவிட்டார்கள். ஜெசிந்தா மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு பாட்டுக் கட்டினாள். அதற்குப் பல்லவி இவ்வளவுதான்:

சோறு ஆறுது, வாரும்.
சொன்ன நேரம் போச்சு, வாரும்.

ஊரில் கேட்டவர்கள் எல்லாம் அதை வீடியோவாக எடுக்கச் சொன்னார்கள். எடுத்தால் அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். அவளே நடித்தாள். நடித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. சோறு வடித்தாள், தட்டைப் போட்டு மூடினாள், வாசலில் வந்து நின்றாள். மிக்கேல் எடுத்துக்கொண்டார்.

முடிவு மட்டும் அவரிடம் இல்லை. முதல் நிலை இருந்தது, குலைவு இருந்தது, மூன்றாவது இல்லை. அதனால் தங்கையிடம் சொல்லாமல் ஒரு ஆளைப் பிடித்தார். லியோனின் உயரம், லியோனைப் போலவே லேசாக ஒரு பக்கம் சாய்ந்த நடை. அவன் முதுகைக் காட்டியபடி தெருவில் நடந்து வந்து வாசலில் நின்றான்.

அவனைப் பார்த்து ஜெசிந்தா சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைத் தன் மகள் கல்யாண வீடியோவிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினார். ஒட்டினது தெரியவே இல்லை. தொழில் தெரிந்தவர்.

ஜெசிந்தா போனில் பார்த்தாள். பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணே, இது ஒன் மக கல்யாணத்துல நான் சிரிச்ச சிரிப்பு."

மிக்கேல் எதையோ சொல்ல ஆரம்பித்தார். அவள் விடவில்லை.

"கல்யாணம் எடுத்த கையில்லா? யாரையும் ஜோடியா நிறுத்தாம ஒனக்குக் கேமராவ மூட வராது."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாற்று, இல்லையென்றால் பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. கோயிலில் எப்போதும் உட்காரும் பெஞ்சையும் மாற்றிக்கொண்டாள். ஒரே ஒரு தங்கை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கும்வரை மிக்கேல் காத்திருந்தார். பிறகு நடந்ததையெல்லாம் சொல்லி, மடிக்கணினியை டீச்சர் முன்னால் வைத்தார்.

"மூணு நிலையும் இருக்கு டீச்சர். அப்புறம் ஏன் அவளுக்கு ஒட்டல?"

டீச்சர் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தார். தெருவில் ஒரு முதுகு. வாசல். ஜெசிந்தாவின் சிரிப்பு. பாட்டு அதற்குள் மறுபடியும் பல்லவிக்கு வந்திருந்தது. சோறு ஆறுது, வாரும்.

அவர் எழுந்து மாடி வராந்தாவுக்குப் போனார். மிக்கேலும் பின்னாலேயே போனார். டீச்சர் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மிக்கேலண்ணே."

"இங்கதான் இருக்கேன் டீச்சர்."

"மிக்கேலண்ணே, வாங்க."

"டீச்சர், பக்கத்துலதான நிக்கேன்."

டீச்சர் திரும்பவில்லை. தெருக்கோடியில் வரப்போகிற ஒருவரைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்ப் பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார்.

"மேடம், ஒங்க பக்கத்துலதான் நிக்காரு."

டீச்சர் இன்னொரு தரம் கூப்பிட்டார். டீக்கடைக்காரர் மிக்கேலைப் பார்த்து, நெற்றிப் பக்கம் விரலைச் சுழற்றி, என்ன விஷயம் என்று சைகையில் கேட்டார். மிக்கேலுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டீச்சர் ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கீழ நின்னவங்களுக்கு நான் எப்படித் தெரிஞ்சிருப்பேன்?"

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"கிறுக்கு மாதிரி."

டீச்சர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டான். தங்கை இன்னும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மிக்கேல் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்த ஆளை வெட்டி எறிந்தார். சிரிப்பையும் எடுத்தார். எடுத்த இடம் பல் பிடுங்கினது போல இருந்தது. நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. மூடிய தட்டை வைத்துப் பார்த்தார். அணைந்த அடுப்பை வைத்துப் பார்த்தார். கடைசியில் ஜெசிந்தாவின் கை மாதிரி ஒரு கை, கடலில் பூப் போடுவதாக எடுத்து வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. நேரில் காட்டத் தைரியம் இல்லை. மனைவியிடம் கொடுத்தனுப்பினார்.

பதிலும் மனைவி வழியாகத்தான் வந்தது. "பூவும் போட்டாச்சா மைனி? சாமியாரக் கூப்பிடாம எங்கண்ணனே பூசை வச்சிட்டாரா?" என்று கேட்டாளாம். வருகிற ஞாயிறு தானே வந்து பாட்டை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாளாம்.

சொன்னபடி வந்தாள். மாடிப்படி ஏறி வந்து, டீச்சருக்கு வணக்கம் சொல்லி, அண்ணனைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். டீச்சர் டீ சொன்னார். டீக்கடைக்காரர் தானே எடுத்து வந்தார். கொடுக்கும்போது டீச்சரை ஒரு மாதிரி கவனமாகப் பார்த்தார்.

ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்து, பாட்டை அதில் போட்டுக் கொடுத்தால் கிளம்பிவிடுவேன் என்றாள் ஜெசிந்தா. மிக்கேல் அவளுக்குப் பதில் சொல்லாமல் டீச்சரிடம் பேசினார். எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்ததாகச் சொன்னார். லியோன் வருகிற முடிவும் பொய்யாக இருக்கிறது, போய்விட்ட முடிவும் பொய்யாக இருக்கிறது என்றார்.

"அவளும் ஒரு இடத்துல நிக்கணும்லா டீச்சர். எத்தன நாளைக்கு இப்படியே?"

ஜெசிந்தா டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

படத்தை விட்டுவிட்டு, பாட்டின் முடிவை மட்டும் போடச் சொன்னார் டீச்சர். மூன்று பேரும் கேட்டார்கள். சரணம் முடிந்து பல்லவி வந்தது. திரும்பவும் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தரமும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. பிறகு வாரும் என்பது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"எந்த இடத்துல நிறுத்துனீங்க?" டீச்சர் ஜெசிந்தாவைக் கேட்டார்.

"நான் எங்க நிறுத்துனேன்? ரெக்கார்டிங் ரூமுல பாடிக்கிட்டேதான் இருந்தேன். அண்ணனும் ஸ்டுடியோக்காரங்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பிரியாணி திங்கப் போயிட்டாங்க."

"பசி," என்றார் மிக்கேல்.

"ஆமா. நல்ல பசி."

டீச்சர் மிக்கேல் பக்கம் திரும்பினார். "சத்தத்தைக் குறைச்சது யாரு?"

தான்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஓர் இடத்தில் முடி என்று சொல்லிப் பார்த்தோம், இவள் முடிக்கிற மாதிரித் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிட்டேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் பேச்சே தணிந்துகொண்டு வந்தது.

"அப்ப அந்த மூணாவது நிலை ஒங்களோடது அண்ணே," என்றார் டீச்சர். "அவங்களோடது இல்ல."

மிக்கேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கீழே யாரோ சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தார்கள். ஜெசிந்தா முதல் தடவையாக அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பென் டிரைவை எடுத்துத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.

"சரி, கடைசியத் திரும்ப எடு. நான் எங்க நிக்கணும்?"

மிக்கேல் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர்தான் சொன்னார்.

"நீங்க வாசல்லயே நில்லுங்கம்மா. கேமராவத் தூக்கிக்கிட்டுத் தள்ளிப் போறது நாங்கதான்."