பொக்கிஷதாருக்கும் மாட்டுக்கும் ஒரே ஆட்டம்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் பொழுது போகாமல் சட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாட்டைக் கேசரிவர்மர் ஆண்டுவந்தார். அதிர்ஷ்டத்தை நம்பி ஆடினால் சூது, அதற்கு நாடு கடத்தல்; அறிவைக் கொண்டு ஆடினால் விளையாட்டு, யாரும் ஆடலாம். இது அவர் போட்ட சட்டம். எது சூது, எது விளையாட்டு என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

அரண்மனை யானைப் பாகன் உலகன் மூன்று சீட்டு ஆடுவதில் கெட்டிக்காரன். பந்தயம் வெறும் கொட்டைப்பாக்குதான். ஆளுக்கு ஒரு பாக்கு நடுவில் வைத்து, மூன்று சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் இன்னும் ஐந்து பாக்கு வைத்து மோதலாம்; உயர்ந்த சீட்டு வைத்திருப்பவருக்கு எல்லாப் பாக்கும். பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து, வைத்த ஒன்றை மட்டும் இழந்து விலகலாம். பொக்கிஷதார் சொக்கேசர் அவனிடம் பன்னிரண்டு நாள் தொடர்ந்து தோற்றார். யானைச் சாணி அள்ளுகிறவனிடம் தோற்றார் என்று அந்தப்புரம் வரை சிரித்தார்கள். பதின்மூன்றாம் நாள் அவர் உலகன்மேல் சூதாட்ட வழக்குப் போட்டார்.

"மகாராஜா, இந்த ஆட்டத்தில் அறிவுக்கு வேலையே இல்லை. எல்லாம் தலையெழுத்து. அடியேன் ஒருமுறைகூடச் சீட்டைக் கவிழ்த்ததில்லை. பின்வாங்குவது எங்கள் வம்சத்தில் கிடையாது," என்றார்.

"சீட்டு மோசமா வந்தா எதுக்கு சாமி மல்லுக்கு நிக்கணும்?" என்றான் உலகன். "ஒரு பாக்கோட போகட்டும்னு விட்டுருவேன். அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கொட்டடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குட்டியிலிருந்து அவன் வளர்த்த யானை வேறு யார் கையாலும் தின்னாது. அவனை நாடு கடத்தினால் அது பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

ராஜா தன் விகடன் குப்பாண்டியைப் பார்த்தார். "இந்த ஆட்டத்தில் திறமை எவ்வளவு என்று நாளைக் காலை தராசில் நிறுத்துக் காட்டு. முடியாவிட்டால் உலகனோடு நீயும் எல்லையைத் தாண்டு."

சொக்கேசர் குறுக்கே புகுந்தார். "நாளை இவன் ஜெயித்தால் அது அதிர்ஷ்டம். தோற்றால் திறமை இல்லை. எதை நிறுக்கப் போகிறீர்?"

"உத்தரவு, மகாராஜா," என்றான் குப்பாண்டி பணிவாக. "நாற்பது ஆட்டத்துக்கு இப்போதே சீட்டுகளைப் பொட்டலம் கட்டிவிட வேண்டும். ஆடுகிறவருக்குச் சிவப்பு நூல், எதிராளிக்கு வெள்ளை நூல். வேறு யாராவது கட்டினால் சந்தேகம் வரும். பொக்கிஷதாரே கட்டி முத்திரை வைக்கட்டும்."

சொக்கேசருக்கு வாயெல்லாம் பல். ஆடப்போவது உலகன்தானே என்று, சிவப்பு நூலில் ஒன்றுக்கும் உதவாத சீட்டுகளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். சந்தேகம் வரக்கூடாது என்று பன்னிரண்டில் மட்டும் நல்ல சீட்டு வைத்தார்.

மறுநாள் காலை குப்பாண்டி ஒரு பூம்பூம் மாட்டை அதன் மாட்டுக்காரனோடு சபைக்குள் ஓட்டிவந்தான். மேளம் தட்டினால் ஆமாம் என்று தலையாட்டும். வேறொன்றும் அதற்குத் தெரியாது.

"எதிராளி இவர்தான். மோதலாமா என்று கேட்டால் எப்போதும் மோதலாம் என்பார். இவரிடம் திறமை இல்லை என்பதைப் பொக்கிஷதாரும் ஒப்புக்கொள்வார். உலகன் சீட்டைப் பார்க்காதபடி, காவலோடு யானைக் கொட்டடியில் இருக்கட்டும். அதே பொட்டலங்களை வைத்து முதலில் பொக்கிஷதார் ஆடட்டும்."

சொக்கேசரின் முகம் வெளுத்தது. அவர் கட்டிய குப்பை அவர் கைக்கே வந்தது. முதல் பொட்டலத்தைப் பிரித்ததும் கவிழ்க்கப் போனார்.

"கவிழ்க்கப் போகிறீர்களா? எதை விடுவது, எதில் மோதுவது என்று யோசித்தால் அது திறமை ஆகிவிடுமே. வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறீர்களா?" என்றான் குப்பாண்டி.

பொக்கிஷதார் பல்லைக் கடித்துக்கொண்டு மோதினார். நாற்பதிலும் மோதினார். பன்னிரண்டில் ஜெயித்து, இருபத்தெட்டில் மாட்டிடம் தோற்றார். நூறு பாக்கோடு உட்கார்ந்தவரிடம் மிஞ்சியது நாலு.

பொட்டலங்களை மறுபடி கட்டி உலகனை அழைத்தார்கள். அவனுக்கும் நூறு பாக்கு. அதே சீட்டு, அதே மாடு. இருபத்தைந்து முறை கவிழ்த்து ஒவ்வொரு பாக்கை விட்டான். மிச்சம் பதினைந்தில் மோதிப் பதினொன்றில் ஜெயித்தான். எழுந்தபோது நூற்றுப் பதினேழு பாக்கு இருந்தது.

குப்பாண்டி தராசின் ஒரு தட்டில் நாலு பாக்கையும் மறு தட்டில் நூற்றுப் பதினேழையும் கொட்டினான். பிறகு கனத்த தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துண்டில் போட்டான். தட்டுகள் சமமானபோது துண்டில் நூற்றுப் பதின்மூன்று பாக்கு இருந்தது.

"இரண்டு பேருக்கும் வந்த அதிர்ஷ்டம் அச்சாக ஒன்றே, மகாராஜா. அதனால் அது கழிந்துவிட்டது. இந்த மூட்டைதான் திறமை."

ராஜா பாக்கு மூட்டையைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். "சொக்கேசரே, சீட்டில் ஏதாவது குறை உண்டா?"

குறை உண்டு என்றால் கட்டியது யார் என்ற கேள்வி வரும். "ஒரு குறையும் இல்லை, மகாராஜா," என்றார் சொக்கேசர்.

"அப்படியானால் இது விளையாட்டுதானே?"

பொக்கிஷதார் ஆமாம் என்று தலையாட்டினார். மாட்டுக்காரன் பழக்கதோஷத்தில் மேளத்தைத் தட்ட, மாடும் கூடவே தலையாட்டியது. ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். வழக்கைத் தள்ளி உலகனைக் கொட்டடிக்கு அனுப்பினார். குப்பாண்டிக்கு முத்துமாலையும் பட்டும் கொடுத்தார். அவன் கேட்டதால் மாட்டுக்கும் ஒரு பட்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு சபையில் யாராவது தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ராஜா மெல்லக் கேட்பாராம்: "மாட்டைக் கூப்பிடட்டுமா?"