கொய்யாவில் பதிந்த பல்

"மேடம், என் உமிழ்நீரில் நொதி செத்துப்போச்சு," என்றார் அருளப்பன்.

ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர் அவர். அவருடைய நெறியாளர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு.

"எப்போதிலிருந்து?"

"ஆறு மாசமா. அதுக்கு முன்னால, முதல் மாசம் ஜோரா வேலை செஞ்சுது. பால் கலந்த தட்டில் ஒரு சொட்டு விட்டா, புரதத்தைத் தின்னு கண்ணாடி மாதிரி வட்டம் போடும். இப்போ பாருங்க, தட்டு அப்படியே வெள்ளை."

நாளைக் காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு கூடுகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். சேமித்து வைத்த நூற்றெண்பது உமிழ்நீர்க் குழாய்கள் இருந்த பெட்டியின் மேல் 'வீண்' என்று சீட்டு ஒட்டி, பக்கத்து அறையில் கழுவும் தொட்டியருகே வைத்துவிட்டுத்தான் அருளப்பன் வந்திருந்தார்.

"யார்மேல சந்தேகம்?"

"முதல்ல ஃப்ரீசர். அப்புறம் தண்ணி. கடைசியில் என் வாய்மேலேயே. வீட்டில் வேற கேலி. எச்சில் துப்பவா லீவு போட்டீங்கன்னு."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.

"வாய்மேல என்ன சந்தேகம்?"

"இவ்வளவு தேய்ச்சும் சுத்தம் போதலையோன்னுதான். முதல் மாசம் முடிஞ்சதுமே கெட்டி பிரஷ் வாங்கி, உமிழ்நீர் எடுக்கறதுக்கு முன்னால பத்து நிமிஷம் தேய்க்கிறேன். இன்னிக்கும் தேய்ச்சேன்."

மெஹருன்னிசா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதிக் கொய்யாவை நீட்டினார்.

"கடிங்க."

"மேடம், நாளைக்குக் கமிட்டி..."

"கடிங்க சார். விழுங்க வேண்டாம்."

கடித்தார். மிச்சத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார் மெஹருன்னிசா.

வெள்ளைச் சதையில் பல் தடம். தடத்தின் ஓரமெல்லாம் சிவப்பு.

அருளப்பன் நாக்கால் ஈறைத் தடவினார். உப்புக் கரித்தது.

"ரத்தம்!"

"ரத்தத்தில் என்ன இருக்கும்?"

இருபது வருடமாக அவரே வகுப்பில் நடத்தும் பாடம். வாய் தானாக ஒப்பித்தது.

"புரதம் தின்னும் நொதியைப் பிடிச்சுக் கட்டிப்போடுற புரதங்கள். அது இல்லேன்னா நொதி நம்ம நுரையீரலையே அரிச்சுடும்..."

பாதியில் நின்றது பேச்சு.

நொதி சாகவில்லை. ஒவ்வொரு குழாயிலும் அது பிடிபட்டுக் கிடக்கிறது. அதைப் பிடித்துக் கட்டிய ரத்தப் புரதமும் கூடவே இருக்கிறது. நாளைக்குக் காட்ட அதுவே போதும்.

பக்கத்து அறையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அருளப்பன் ஓடினார்.

"மேரிம்மா! கழுவாதீங்க! ஒண்ணைக்கூடக் கழுவாதீங்க!"

ஆய்வகத்தில் குழாய்கள் கழுவும் சகாயமேரி ஈரக் கையோடு திரும்பினார். "நல்லா இருக்கே! வீண்னு எழுதி ஒட்டினது நீங்கதானே சார்?"

அருளப்பன் அந்தச் சீட்டைக் கிழித்தார்.