மிதிக்கக் கூடாத இடம்

ஏரிக்கரையில் ஒரு மருத மரம் நின்றது. அதில் குடியிருக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிளையில் காகம், பொந்தில் அணில், வேரடியில் உடும்பு, நிழலில் முயல் என்று வந்தவை எல்லாம் அங்கே சும்மா இருந்தன. உச்சிக் கிளையில் ஒரு மைனா இருந்தது.

அந்த மைனாவுக்கு மறதி என்பதே கிடையாது. ஒருமுறை காதில் விழுந்தது அதன் நெஞ்சில் அப்படியே கிடக்கும். அதனால் எல்லாரும் தங்களுக்கு வேண்டியதை அதனிடம் சொல்லி வைத்தார்கள். அணில் தான் புதைத்த கொட்டைகளைச் சொன்னது. மான் கோடையிலும் வற்றாத பள்ளங்களைச் சொன்னது. சொன்னவர் வந்து கேட்டால் மைனா திருப்பிச் சொல்லும். வேறு யார் கேட்டாலும் வாய் திறக்காது.

ஆள்காட்டிக் குருவியும் ஒன்று சொல்லி வைத்திருந்தது. அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல்லைப் போலவே முட்டையிடும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. கண்ணுக்குத் தப்புகிற முட்டை குளம்புக்குத் தப்புமா? எருமைக் கூட்டம் அந்த வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். ஆகவே மைனா முன்னால் போகும் எருமையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் ஒதுங்கு. அந்த ஆவாரஞ்செடிப் பக்கம் போகாதே" என்று திருப்பிவிடும். ஏன் என்று எருமைகள் கேட்டதில்லை. தண்ணீர் கிடைத்தால் அவற்றுக்குப் போதும்.

ஒரு நாள் காகம் சலித்துக்கொண்டது.

"மரம் பொது. ஏரி பொது. உன் நெஞ்சு மட்டும் ஏன் பூட்டிக் கிடக்கிறது? நான் ஒளித்து வைத்த மீன் தலை எங்கே என்று கேட்க வந்தால், நீ யார், எப்போது சொன்னாய் என்று ஆயிரம் விசாரணை. பதில் வருவதற்குள் மீன் தலையைக் கீரி தின்றுவிட்டுப் போய்விட்டது."

"விசாரிக்காமல் எப்படி அண்ணே சொல்வது?"

"சும்மா சொல்வதுதான். மானுக்குத் தெரிந்த தண்ணீர் எனக்கும் தெரிந்தால் மானுக்கு என்ன குறைந்துவிடும்? நீ மட்டும் எல்லாம் தெரிந்த பெரிய மனுஷியாக இருக்க வேண்டும், அதுதானே?"

கடைசி வார்த்தை மைனாவைச் சுட்டது. இரண்டு நாள் அது சரியாக இரை எடுக்கவில்லை. யோசிக்க யோசிக்க, காகம் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. இத்தனை பேருடைய அறிவு ஒரு சிறிய நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடப்பது யாருக்குப் பயன்?

மைனா எல்லாரையும் மரத்தடிக்கு அழைத்தது.

"இன்று முதல் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. அடுத்தவருடைய முட்டை எங்கே, குட்டி எங்கே, ஒளித்து வைத்த இரை எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டோம்" என்று எல்லாரும் சொன்னார்கள். உடும்பு எல்லாருக்கும் முன்னால் சொன்னது.

கூட்டம் கலைந்த பிறகு ஆள்காட்டி மட்டும் நின்றது.

"அக்கா, ஒரு உதவி. நான் சொன்னதை மறந்துவிடுங்களேன்."

"அப்படியென்றால் எருமைகளை யார் திருப்புவது? தவிர, மறக்க எனக்குத் தெரியாதே அம்மா."

"எல்லாருக்கும் திறந்துவிட்டீர்களே என்று..."

"அதற்குத்தானே கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். என்மேல் நம்பிக்கை இல்லையா?"

அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டு முட்டைகளிடம் திரும்பிப் போனது.

நல்ல நாட்கள்தாம் தொடர்ந்தன. மான் அறிந்த பள்ளத்தில் முயல் தண்ணீர் குடித்தது. எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று அணில் சொல்லி வைத்ததைக் கேட்டு, இடம் தெரியாமல் அலைந்த மரகதப் புறாக்கள் பசியாறின. "மைனாக்கா புண்ணியவதி" என்றார்கள். மைனாவுக்கு நெஞ்சு நிறைந்தது. மூடி வைத்திருந்த காலத்தை நினைத்து அது வெட்கப்பட்டது.

ஒரு மத்தியானம் உடும்பு மரத்தில் பாதி ஏறி வந்து நின்றது.

"தாயே, எனக்கு வயதாகிவிட்டது. கண் மங்கல். வயிறு தரையில் உரச உரச நடக்கிறவன். கண் தெரியாமல் யாருடைய முட்டையையாவது நசுக்கிவிட்டால் அந்தப் பாவம் எனக்குத்தானே?"

மைனா அதை ஆச்சரியத்தோடு பார்த்தது. உடும்பு இப்படிப் பேசி அது கேட்டதே இல்லை.

"முட்டை எங்கே என்று நான் கேட்கவில்லை. அது தப்பு. நான் எங்கே மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். எருமைக்குச் சொல்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்."

மைனா தன் கட்டுப்பாட்டை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தது. உடும்பு அதை மீறவில்லை. தன் வழியைப் பற்றித்தான் கேட்கிறது. எருமைக்குச் செய்கிற உதவியை உடும்புக்கு ஏன் மறுக்க வேண்டும்? திருந்துகிறவனைத் தடுக்கலாமா?

"புற்றைத் தாண்டினால் ஒற்றை ஆவாரஞ்செடி இருக்கும். அதற்குக் கிழக்கே கூழாங்கல் திட்டு. அங்கே மட்டும் காலை வைக்காதே."

"நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்று சொல்லி உடும்பு இறங்கிப் போனது.

வெயில் சாய்வதற்குள் ஆள்காட்டியின் அலறல் கேட்டது. விரோதியைக் கண்டால் அது எழுப்பும் அலறல். மைனா பறந்து போய்ப் பார்த்தபோது, திட்டின்மேல் ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. ஈரம் இன்னும் காயவில்லை. உடும்பின் வால் மண்ணில் இழுத்த கோடு, வேறெங்கும் வளையாமல், ஆவாரஞ்செடியிலிருந்து நேராக அங்கே வந்திருந்தது.

ஆள்காட்டி அலறி ஓய்ந்திருந்தது.

"உங்களிடம் என்ன கேட்டான், அக்கா?"

"எங்கே மிதிக்கக் கூடாது என்று கேட்டான். முட்டையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை."

"நான் அதை எருமைக்காகச் சொன்னேன்."

"உனக்கு நல்லது என்று நினைத்துத்தான்..."

"எருமைக்காகத்தான் சொன்னேன், அக்கா."

ஆள்காட்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் மைனாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆள்காட்டி ஒவ்வொரு சில்லாக அலகால் எடுத்துத் தள்ளிப் போட்டது. பிறகு பறந்து போய்விட்டது.

மைனா மரத்தடியில் எல்லாரையும் கூட்டி, இனி யார் சொன்னதையும் அவரவருக்கு மட்டுமே சொல்வேன் என்றது. அதற்குள் சொல்லி வைக்க வருகிறவர்களே குறைந்துபோயிருந்தார்கள். காகம் மட்டும், "ஒருவன் செய்ததற்கு எல்லாருக்கும் தண்டனையா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. உடும்பு கொழுத்து, வேரடியில் வெயில் காய்ந்தது. அது கட்டுப்பாட்டை மீறவில்லையே, யார் என்ன சொல்ல முடியும்?

மழைக்காலம் வந்து போனது. மறு கோடையில் மைனா இரை தேடி ஏரியின் தென்கரைவரை போனது. கீழே காய்ந்த புல்வெளி. திடீரென்று ஒரு ஆள்காட்டி எழும்பிப் பறந்து, வட்டமிட்டு அலறியது. அந்தக் குரலை மைனாவுக்குத் தெரியும்.

எந்த விரோதி வருகிறான் என்று மைனா பதறிச் சுற்றிலும் பார்த்தது. வானத்தில் பருந்து இல்லை. தரையில் உடும்பு இல்லை, கீரி இல்லை. அத்தனை பெரிய வெளியில் மைனாவைத் தவிர வேறு யாருமே இல்லை.

மைனா கீழே பார்க்காமல், கண்களை மூடிக்கொண்டே அந்த வெளியைக் கடந்தது.

ஒருவர் நம்மை நம்பி ஒரு காரியத்துக்காகச் சொன்னதை, எவ்வளவு நல்ல மனத்தோடு ஆனாலும், வேறொரு காரியத்துக்கு எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.