பவளத்துக்குப் பத்தியம் வைத்த அமைச்சர்

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டைச் சிங்கவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனம் குளிர்ந்தால் ஊரையே தூக்கிக் கொடுப்பார். கோபம் வந்தால் மறுநாளே பிடுங்கிக்கொள்வார். அவர் உயிரையே வைத்திருந்தது பவளம் என்ற வேட்டைநாயின்மேல். ராஜா சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளம் பவளத்துக்குத்தான். விஷத்துக்குப் பயந்து அவருடைய பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம் அது.

அந்தப் பவளத்துக்கு அரிப்பு வந்தது. காது சிவந்து, வயிற்றில் முடி கொட்டி, ஓயாமல் சொறிந்தது. ஆஸ்தான சோதிடர் மல்லப்பர் தாயத்துக் கட்டினார், மஞ்சள் நீராட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"மகாராஜா, சொறிநாய் சிம்மாசனத்தருகே இருப்பது நாட்டுக்கு ஆகாது. காட்டில் விட்டுவிடலாம்" என்றார்.

ராஜாவின் கண் கலங்கியது. அமைச்சர் குணபாலருக்குப் பொறுக்கவில்லை. விருந்து நடக்கும் நாட்களில் பவளம் கூடுதலாகச் சொறிவதை அவர் கவனித்து வைத்திருந்தார்.

"அது தின்னும் ஏதோ ஒன்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, மகாராஜா."

"அரண்மனைச் சாப்பாட்டையா குறை சொல்கிறீர்?" என்று பாய்ந்தார் மல்லப்பர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "எந்தப் பண்டம் என்று தை பிறப்பதற்குள் காட்டட்டும். இல்லாவிட்டால் நாயோடு இவரும் காட்டுக்குப் போகட்டும்!"

"பலே!" என்று கைதட்டினார் ராஜா. அமைச்சரும் ஒப்புக்கொண்டார்.

பவளம் இதுவரை தின்றே அறியாத தினைச்சோறும் முயல்கறியும் உப்புக்கூடப் போடாமல் தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தார். அரிப்பு அடங்கவில்லை. எப்படி அடங்கும்? ராஜா கையால் முதல் கவளம் போய்க்கொண்டே இருந்ததே!

"அதை மட்டும் நிறுத்த வேண்டும், மகாராஜா."

"பாட்டனார் வழக்கத்தில் கைவைக்காதீர்!" என்று ராஜா உறுமினார்.

"கைவைக்கவில்லை. முதல் கவளம் தாராளமாகக் கொடுங்கள். பவளத்தின் சாப்பாடே தங்கள் இலைக்கும் வரும்."

ராஜா முறைத்தார், பவளத்தைப் பார்த்தார், பிறகு இலைமுன் உட்கார்ந்தார். வேளைதோறும் தினையும் உப்பில்லாத முயலும்! ராஜா முகம் அஷ்டகோணலானது. பவளத்தின் காதோ வெளுத்தது, முடி முளைத்தது. அதன்பின் அமைச்சர் ஒவ்வொரு பண்டமாகச் சேர்த்தார். ஒன்றைக் கொடுத்துச் சில நாள் பொறுத்துப் பார்த்தார். அரிசி, ஆட்டுக்கறி, முட்டை, வெல்லம் எல்லாம் தேறின.

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு காலை, பவளம் சபை நடுவே மறுபடி சொறிந்தது.

"பார்த்தீர்களா?" என்று மல்லப்பர் துள்ளி எழுந்தார். "தோற்றார் அமைச்சர்!"

அப்போது பவளம் வாலை ஆட்டிக்கொண்டே போய் மல்லப்பர் மடியை முகர்ந்தது. அவர் விலக, அது விடாமல் வேட்டியைக் கவ்வி இழுக்க, வாழையிலைப் பொட்டலம் ஒன்று விழுந்து அவிழ்ந்தது. உள்ளே பால்கோவா!

அமைச்சர் சிரித்துவிட்டார். "நன்றி, சோதிடரே! பால் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பாவம், மறுபடி அரிக்குமே என்று கொடுக்கத் தயங்கினேன். அந்தச் சோதனையையும் நீங்களே ரகசியமாக ஊட்டி முடித்துவிட்டீர்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. மல்லப்பர் தலை நிமிரவில்லை.

"நாளை முதல் தினை புடைத்துப் பவளத்துக்குச் சமைப்பது உம் வேலை, மல்லப்பரே" என்ற ராஜா, தம் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டார்.

"முதல் கவளமாகத் தினமும் பால்சோறு பிசைந்து ஊட்டியது இந்தக் கைதான், குணபாலரே. எனக்குப் பயந்து எல்லோரும் நாய்க்கு வைத்தியம் பார்த்தார்கள். நீர் ஒருவர்தான் ராஜாவுக்குப் பத்தியம் வைத்தீர்."